சிப்பாய் கேசட்

வாடகைக்கு வீடியோ கேம் விடுவது நிம்மதியான தொழில் என்று யாராவது சொன்னால், அவர் ஒரு நாள்கூட கல்லாவில் உட்கார்ந்து "பட்டன் வேலை செய்யல" என்ற புகாரைக் கேட்டதில்லை என்று அர்த்தம். வீடியோ கடை, எஸ்.டி.டி. பூத் என்று எதையாவது நடத்தி நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோலார் தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டையில், கையில் வைத்து ஆடும் சின்ன கேம் மெஷின்களையும் அதற்கான கேசட்டுகளையும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டையா, பஞ்சாயத்தா?

பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கேசட் வாங்கி வந்தேன். எல்லாம் ஜப்பான் எழுத்து. திரை முழுக்கக் கட்டம். நம் சிப்பாய்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும், அப்புறம் எதிரி நகர்த்துவான். நடுநடுவே கதை வேறு. செத்த சிப்பாய் செத்தவன்தான், அடுத்த சண்டைக்கு வரமாட்டான்.

கார் ரேஸ் கேட்டு வந்த ஒரு கல்லூரி மாணவர் தலையில் இதைக் கட்டினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "இன்னாண்ணா இது, அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் இவ்ளோ நேரம் பேசிக்கினு இருக்காங்க? சண்டையா, பஞ்சாயத்தா?"

செல்வராஜ் அண்ணன்

அதை விரும்பி எடுத்த ஒரே ஆள் செல்வராஜ் அண்ணன். சுரங்கத்தில் அடியில் வேலை, கேஜ் என்ற இரும்புக் கூண்டில்தான் இறங்கி ஏறுவார்கள். ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு நேராக வருவார். கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஆடுவார். ஒரு சிப்பாய் செத்தால் போதும், மெஷினை அணைத்துவிட்டு அந்தச் சண்டையை முதலிலிருந்து தொடங்குவார். ஜெயிக்கப்போகிற நேரத்திலும் அப்படித்தான்.

"ஒருத்தன் போனா இன்னாண்ணே, ஆட்டம்தானே?" என்று கேட்டேன். தலை நிமிராமலே சொன்னார்: "கேஜ்ல எறங்கினவங்க அத்தினி பேரும் மேல வரணும்பா."

இரண்டாம் பாகம்

அதே வரிசையில் அடுத்த பாகம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவருக்காகவே தேடி வாங்கினேன். பெருமையோடு நீட்டினேன். மறுநாளே திருப்பிக் கொடுத்தார். படம் நன்றாக இருந்ததாம், கத்தி, கோடரியெல்லாம் புதிதாம். ஆனால் அவருடைய சிப்பாய் ஒருவன்கூட அதில் இல்லை. "நல்ல பசங்கதான் போல. ஆனா இவங்க யாரையும் எனக்குத் தெரியாதேப்பா."

பேட்டரி

சுரங்கத்தை மூடினார்கள். அண்ணன் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். சனிக்கிழமை ரயிலில் வருவார், ஞாயிறு கழித்துத் திரும்புவார். மெஷினும் சிப்பாய் கேசட்டும் அவர் வீட்டிலேயே இருந்தன.

ஒரு சனிக்கிழமை காலை அவர் மனைவி ராணி அக்கா மெஷினையும் கேசட்டையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சேமித்து வைத்த ஆட்டத்தைக் காணோம். கேசட்டுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். புதிது வைக்கலாம், போனதை மீட்க முடியாது என்றேன். "வேலை போனதிலேர்ந்து அவரு வாயே தொறக்கறதில்ல தம்பி. இத ஆடும்போது மட்டும்தான் 'இவன அங்க வெக்கலாமா'ன்னு எங்கிட்ட கேப்பாரு. இப்ப நான் இன்னா சொல்றது?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ரயில் ஸ்டேஷனிலிருந்து இருவருமாக வந்தார்கள். விஷயத்தை அக்கா வழியிலேயே சொல்லிவிட்டிருந்தார். புது பேட்டரி வைத்த கேசட்டை மெஷினில் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். ஆட்டம் புதிதாகத் தொடங்கக் காத்திருந்தது. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டார். "போனது போவட்டும். மொத லெவல்லேர்ந்து எறங்கலாம். இந்தத் தபா பாதிப் பேர நீ நடத்து."

அதற்குப் பிறகு அந்தக் கேசட்டை வேறு யாருக்கும் வாடகைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.