பச்சைத் தண்ணி

வீட்டில் அம்மாவும் அப்பாவும் தமிழில் கேட்பார்கள், நான் டேனிஷில் பதில் சொல்வேன். அம்மா அதைப் பெரிதுபடுத்தமாட்டார். அப்பாவுக்குத்தான் மனம் சுருங்கிப்போகும். டென்மார்க்கின் கோல்டிங்கில் அவர் ஒரு பழைய டீசல் படகு வாங்கியது மீன் பிடிக்கத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் பிடித்த மீனைப் பார்த்தால் பூனைகூடக் கோபித்துக்கொள்ளும். அந்தப் படகில் ஒரே ஒரு சட்டம் இருந்தது: ஏறினால் தமிழ்தான் கதைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை நடுக்கடலுக்குக் கொண்டுபோய் வைத்துக் கதைப்பார். அங்கிருந்து நான் எங்கே ஓடுவது? அந்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகிவிடுகிறது.

குளிர்காலத்துக்கு முன் படகைக் கரையேற்றிவிடுவார்கள். எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே ஓடும் தண்ணீர் அங்கேயே தங்கினால், உறைந்து இரும்பையே பிளந்துவிடும். அதனால் முதலில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். பிறகு உறையாத திரவத்தை எஞ்சினுக்குக் கொடுத்து, அது புகைக்குழாய் வழியே வெளியே வரும்வரை ஓடவிட வேண்டும். அப்பா வாங்கிவைத்திருந்த திரவம் நல்ல பச்சை நிறம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா உள்ளே எஞ்சினோடு குந்தியிருக்க, நான் வெளியே புகைக்குழாயின் கீழ் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன வருகிறது என்று அவரால் பார்க்க முடியாது. நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அப்பா கேட்டார்.

“பிள்ளை, பச்சைத் தண்ணியோ வருது?”

குனிந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். பச்சை நிறம் மருந்துக்கும் இல்லை.

“இல்லை அப்பா.”

எஞ்சின் நின்றது. “கெட்டிக்காரி” என்றார். நான் வாளியைப் புல்லில் கவிழ்த்தேன்.

குளிர் போனபின் அவர் எஞ்சினை முடுக்கியபோது, அதன் பக்கத்தில் இருந்த வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டது. புது எஞ்சின் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. அப்பா நெடுநேரம் அதன் முன்னால் இருந்துவிட்டு, என்னை மெதுவாகக் கேட்டார்.

“அண்டைக்குப் பச்சைத் தண்ணி வரேல்லை எண்டெல்லோ சொன்னனி?”

“ஓம். பச்சையா ஒண்டும் வரேல்லை. சும்மா தண்ணிதான் வந்தது.”

அப்பா என்னையே பார்த்தார். பச்சைத் தண்ணி என்றால் ஒன்றும் கலக்காத வெறும் தண்ணீர். பிறந்ததிலிருந்து கேட்ட சொல், அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். எனக்கோ பச்சை என்றால் பள்ளிக்கூடத்து நிறப்பெட்டியில் இருந்த பச்சை. நான் இல்லை என்றதை, வெறும் தண்ணீர் முடிந்து திரவம் வந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. நான் அழப்போவதைக் கண்டு தோளில் கைவைத்து, பிழை உன்னுடையது இல்லை என்றார். ஒரு சொல்லும் பிசகாமல் எனக்கு விளங்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, படகுக்குள் நின்றுகொண்டு அதை டேனிஷில் சொன்னார்.

எனக்கு அழுகை போன இடம் தெரியவில்லை. அப்பாவே சட்டத்தை மீறிவிட்டார். நான் வென்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் ஓடி, “அம்மா, அப்பா படகில டேனிஷ் கதைச்சவர்” என்றேன்.

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு, வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். அம்மாவின் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. எஞ்சின் வெடித்த கதையை நான் இன்னும் சொல்லத் தொடங்கவேயில்லை.