கார்டில் மட்டும் இருந்தவர்

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் மறுபடியும் ரேஷன் கெடுபிடி தொடங்கிய சமயம், தாராவியில் எங்கள் வீட்டுக் கார்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். அக்கம்பக்கத்தார் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டது அரசாங்கம்தான்.

என் வீட்டுக்காரர் சயானில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி மூன்று வருஷம். பேச்சு குறைவு, சண்டை அதைவிடக் குறைவு. ஒரு வைகாசிக் காலையில் டீயைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போறேன்" என்றார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சந்துமுனைக் கடைக்குப் போகிறவர்கூட "வாரேன்" என்றுதான் சொல்லிக் கிளம்புவார். வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். கஞ்சி வடிக்கிற அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

நான்கு நாள் கழித்துப் பட்டறைக்குப் போய் விசாரித்தேன். ஊருக்குப் போவதாகச் சொல்லி வேலையிலிருந்து நின்றுவிட்டாராம். அந்த வாரமே மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது, மகன் சௌக்கியமா என்று கேட்டு. சௌக்கியம் என்று பதில் போட்டேன். சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். சொன்னால் போய்விடுவார். அவ்வளவுதான் காரணம். சொல்லாதவரை அவர் வெளியே போயிருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்தே வடித்தேன். அவர் பங்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் நானே சாப்பிட்டேன். இப்படிப் பதினோரு மாதம் பழையது சாப்பிட்டவள் நான். பைத்தியம் என்றால் பைத்தியம்தான்.

எங்கள் சந்தில் சுவர் என்பது தகரம். எதிர் வீட்டில் யார் புரண்டு படுத்தாலும் இங்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் மறைவு ஏது என்று நினைப்பீர்கள். இருந்தது. காதில் விழுந்ததை விழாத மாதிரி வைத்துக்கொள்ளும் மரியாதை அங்கே எல்லோருக்கும் தெரியும். எதிர் வீட்டு அக்கா மாட்டுங்காவில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறவள். ஒருநாள் குழாயடியில் புதிதாக வந்த ஒருத்தி என்னிடம், "ஒங்க வீட்டுல ஆம்பள ஆளையே காணமே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அவுகளுக்கு நைட் டூட்டி. பகல்ல தூங்குவாக. நீ ஒன் கொடத்த எடு" என்றாள். அந்தப் பொய்யை எனக்குச் செய்து கொடுத்ததே அவள்தான். ஆனால் என்னைத் தனியாகப் பார்த்தபோதுகூட அவள் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

ரேஷன் இன்ஸ்பெக்டருக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை. ஒரு பகலில் வந்து, கார்டை விரித்து, முதல் பெயரில் பென்சிலை வைத்து, "யே ஆத்மி கிதர் ஹை?" என்றார், இந்த ஆள் எங்கே என்று. எனக்கு இந்தி அரைகுறை. "கயா" என்று ஒரு சொல் போதும், போயிருக்கிறார் என்று முடிந்திருக்கும். அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. எங்கள் ஊரில் போகிறவர் சொல்லும் வார்த்தையை அப்படியே இந்தியில் போட்டு, "ஆத்தா ஹை" என்றேன். வாரார் என்று அர்த்தம்.

அவர் நம்பிவிட்டார். ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரோடு சேர்ந்து நானும் சந்துமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கமே உட்கார்ந்து எதிர்பார்க்கும்போது வந்தாலும் வந்துவிடுவார் என்று ஒரு நப்பாசை.

இரண்டாம் முறையும் அதே கேள்வி, அதே ஆத்தா ஹை. இந்த முறை அவர் உட்காரவில்லை.

மூன்றாம் முறை, பேச்சைப் புரிந்துகொள்ள ரேஷன் ஆபீஸ் கிளார்க் ஒருவரையும் கூட்டி வந்தார். மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பமாம். வெள்ளைச் சட்டை, கையில் குடை. "தப்பா எடுத்துக்காதீங்கோம்மா. ஆள் இல்லாம அரிசி வாங்கினா அது போகஸ் கார்டு, போலின்னு எழுதிடுவா" என்றார். அன்றைக்கு என் புருஷன் போகஸ் ஆனார்.

தட்டை எண்ணினார்கள். பாயை எண்ணினார்கள். ஷேவிங் செட் எங்கே, செருப்பு எங்கே, இரவில் யார் எங்கே படுப்பது என்று கேட்டார்கள். இதற்குள் வாசலில் சந்தே நின்றது. ஒரு கிலோ அரிசிக்கு ஒருத்தியின் பாயை விரித்துப் பார்க்க எந்தச் சட்டம் இடம் கொடுத்ததோ, எனக்குத் தெரியாது. இருந்திருக்கும். இல்லாவிட்டாலும் அன்றைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

பிறகு இன்ஸ்பெக்டர் டிரங்குப் பெட்டியைக் காட்டித் திறக்கச் சொன்னார். நான் நகரவில்லை. அவரே திறந்தார். என் சேலைகளுக்கு அடியில் என் வீட்டுக்காரருடைய நீலக் கோடு போட்ட சட்டை இருந்தது. போவதற்கு முந்தின நாள் போட்டுக் கழற்றியது. அதை நான் துவைக்கவில்லை. லேத் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை காலரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடிக்கடி எடுத்தால் தீர்ந்துவிடும் என்று வெள்ளிக்கிழமை மட்டும் எடுப்பேன். முகத்தில் வைத்து எடுத்துவிட்டு, மறுபடி மடித்து அடியில் வைத்துவிடுவேன். இது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் சட்டையை உதறினார். இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மூக்கருகே கொண்டு போய் முகத்தைச் சுளித்து, இதை யாரும் போட்டு மாதக்கணக்காகிறது என்று கிளார்க்கிடம் இந்தியில் சொன்னார். ஆள் கெட்டிக்காரர்தான். சரியாகத்தான் சொன்னார்.

"அதக் கீழ வைங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா, எப்போ போனார்னு மட்டும் சொல்லிடுங்கோ. பேரை எடுத்துட்டு விட்டுடுவா. அவர் வந்தா மறுபடி சேர்த்துக்கலாம்."

"வைகாசியில."

"என்ன சொல்லிட்டுப் போனார்?"

அவர் இதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஃபாரத்தில் அதற்கு இடமும் இருந்திருக்காது. ஏதோ ஆறுதலாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டிருப்பார்.

"போறேன்னு சொன்னாக" என்றேன்.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து ஆட்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவராக நகர்ந்து தங்கள் வீட்டுக்குள் போனார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும், என்ன சொன்னாள் என்று புரியாமல், "க்யா போலா?" என்றார். கிளார்க் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "குச் நஹி" என்றார், ஒன்றுமில்லை என்று. அந்த ஒரு உபகாரத்துக்காக அவரை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

முதல் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. கட்டியவர் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. அதனால் அந்தப் பெயரை நான் ஒருநாளும் உச்சரித்ததில்லை. கார்டில் இருந்த மராத்தி எழுத்தைப் படிக்கவும் தெரியாது. ஆனால் மேலே இருப்பது அவர் என்று தெரியும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன். கோடு விழுந்த பிறகு விரல் வைக்கத் தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். புகையிலையும் சுண்ணாம்பும்தான் இருந்தது. காலர், கை, முதுகு எல்லா இடமும் பார்த்தேன். யாரோ ஒருவருடைய சட்டை மாதிரி இருந்தது. அப்போதுதான் அழுதேன். பெயரை வெட்டியபோது வராத அழுகை, தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று வந்தது. அழுது முடித்து, டிரம்மில் இருந்த தண்ணீரை மொண்டு, பார் சோப்பைப் போட்டு அந்தச் சட்டையைத் துவைத்தேன். பிழிந்து, உதறி, சந்தின் பின்பக்கம் கொடியில் போட்டேன்.

சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா மாட்டுங்காவிலிருந்து பின்வழியாக வந்தாள். பகலில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கொடியில் சொட்டிக்கொண்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பதினோரு மாதமாக எதையும் கேட்காதவள், கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, வந்துட்டாகளா?"

அவள் முகமெல்லாம் சிரிப்பு. உடனே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பேசாமல் இருக்கிறவரைக்கும் அந்த முகத்தில் அவர் வந்திருந்தார். என்னால் முடிந்த மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு சொன்னேன், "இல்லக்கா. தொவச்சுப் போட்டுட்டேன்."