பூ போடப் போன விமானம்

விஞ்ஞான உலகம் இன்றுவரை விளக்கம் சொல்ல முடியாத சம்பவம் இது. விஞ்ஞான உலகத்துக்கு யாரும் எழுதிப் போடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நடந்தது நிஜம். வெயில் இருக்கும்போதே நடந்தது. மாதா கோயில் பங்கு ஜனம் மொத்தமும் கூடி நின்று பார்த்தது.

ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. பட்டாளத்திலிருந்து திரும்பிய லூர்துநாதன் அங்கே ரேடியோ ரிப்பேர் செய்துவந்தார். செய்ததைவிட அதைப் பற்றிப் பேசியது அதிகம். அந்த வருஷத்து மாதா திருவிழாவுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். சப்பரம் கோயில் வாசலை விட்டுக் கிளம்பும்போது வானத்திலிருந்து பூ கொட்டும். கொட்டப்போவது அவர் கையாலேயே செய்த, ஆளில்லாத குட்டி விமானம். நோட்டீஸிலும் போட்டாயிற்று: 'விஞ்ஞான வித்தகர் லூர்துநாதன் அவர்களின் ஆகாய மலர்மாரி.' வித்தகர் பட்டத்தைக் கொடுத்தவர் நோட்டீஸை எழுதியவர். எழுதியவர் லூர்துநாதன்.

பூ கொட்டாவிட்டால் அந்த ஊரில் அவர் தலைகாட்ட முடியாது.

விமானத்தை ஓட்ட அவர் கையில் ஒரு பெட்டி. அதில் ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் விமானம் இடப்பக்கம் திரும்பும். இரண்டுமுறை அழுத்தினால் வலப்பக்கம். மூன்றுமுறை அழுத்தினால் வயிற்றடியில் இருக்கிற தட்டு திறந்து பூ கொட்டும். விமானத்துக்குள் ஒரு ரிசீவர். அதில் ஒரு குட்டி இரும்பு நாக்கு. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அது டொக்கென்று அடிக்கும்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியானம். விமானம் மேஜைமேல் இருந்தது. கைப்பெட்டியின் ஸ்விட்சை அவர் இன்னும் போடவே இல்லை.

டொக்... டொக்... டொக்.

தட்டு தானாகத் திறந்துகொண்டது.

"டிஸ்டர்பன்ஸ்" என்றார் லூர்துநாதன், சுவரைப் பார்த்து. எஞ்சினின் பிளக் வயரிலிருந்து பொறி தெறித்து ரிசீவரைக் கலைக்கிறது என்று முடிவு செய்து, வயருக்குத் தகரக் கவசம் போட்டார். அப்புறம்தான் எஞ்சினே ஓடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அரவை மில் மோட்டாராக இருக்குமோ? அன்றைக்கு மில் லீவு. ரிசீவர் வயர்களை முறுக்கிக் கட்டினார். கண்டென்சர் மாற்றினார்.

டொக்... டொக்... டொக்.

எல்லாம் மூன்று மூன்றாகவே வந்தது.

கடைசியில் இறக்கையைக் கழற்றினார். சத்தம் நின்றது. மாட்டினார். வந்தது.

பூக்கூடையோடு வாசலில் நின்ற வேளாங்கண்ணி, அவர் மனைவியின் தங்கச்சி, இறக்கையையே பார்த்தாள். அதன்மேல் அரக்குப் பட்டு ஒட்டியிருந்தது.

"மச்சான், இது எங்கக்கா கல்யாணப் பொடவைல்ல?"

"றெக்கைக்கு சில்க்தான் வேணும். ஒனக்குச் சொன்னாப் புரியாது."

"செத்தா இதத்தான் கட்டி அனுப்பணும்னு அக்கா கேட்டுச்சு. நூல் சேலையச் சுத்தி அனுப்புனீங்க."

"மண்ணுக்குள்ள எதுக்குடி பட்டு? அசல் காஞ்சிபுரம். அம்புட்டும் தங்க முலாம் போட்ட வெள்ளி ஜரிகை... ஆங்! ஜரிகை!"

வித்தகருக்குப் புரிந்துவிட்டது. ஜரிகை என்பது உலோகம். ரிசீவரை ஒட்டி இத்தனை உலோகம் இருந்தால் அலை கலையாமல் என்ன செய்யும்?

டொக்... டொக்... டொக்.

வேளாங்கண்ணி கூடையைக் கீழே வைத்தாள். "அக்கா டம்ளரத் தட்டுற மாதிரியே இருக்கு மச்சான்."

அவர் மனைவி அமலராணி ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குரல் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் டம்ளரால் மூன்று தட்டு. காதில் ஹெட்போனோடு இருக்கிற லூர்துநாதன் "வாரேன்" என்பார். போகமாட்டார். "வீட்டுக்குள்ளயே ஒரு டிஸ்டர்பன்ஸ்" என்று வந்தவர்களிடம் சிரிப்பார். ஒருநாள் தட்டுகிற சத்தம் தானாகவே நின்றது. ரேடியோவில் செய்தி முடிந்த பிறகுதான் அவர் எழுந்து போய்ப் பார்த்தார்.

"போடி, போய்ப் பூவக் கட்டு" என்றார் இப்போது. கரைகளை உரித்தார். புட்டாக்களைக் கத்தரித்து, அந்த இடத்தில் காகிதம் ஒட்டினார். ஜரிகையை ஒரு டப்பாவில் போட்டார்.

சத்தம் நின்றுவிட்டது.

திருவிழா அன்று சாயங்காலம். வெயில் இன்னும் தாழவில்லை. கோயிலுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் விமானம் எழும்பியது. ஜனம் கைதட்டியது. லூர்துநாதன் கோட்டின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

சப்பரம் கிளம்பியது. ஒருமுறை அழுத்தினார். விமானம் இடப்பக்கம் திரும்பவில்லை.

வலப்பக்கம் திரும்பியது.

அழுத்தினார். அழுத்தினார். அது கல்லறைத் தோட்டத்தின் மேல் போய் ஒரு வட்டம் போட்டது. தாழ்ந்தது. பூவை எல்லாம் கொட்டியது. எந்தக் குழிமேல் என்று வேளாங்கண்ணிக்குத் தெரிந்தது. சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"என்னங்க இது, பூவ அங்கிட்டுப் போட்டுருச்சு?" என்றார் கோயில் உபதேசியார் சவரிநாதன்.

"காத்து... காத்துங்க..."

காற்றே இல்லை.

விமானம் திரும்பியது. நேராக அவரைப் பார்த்து வந்தது.

பெட்டியை எறிந்துவிட்டு ஓடினார். இடப்பக்கம் ஓடினால் அதுவும் இடப்பக்கம். வலப்பக்கம் ஓடினால் வலப்பக்கம்.

சப்பரத்துக்கு அடியில் புகப் பார்த்தார். தூக்கிக்கொண்டிருந்தவர்கள் உதைத்தார்கள்.

எஞ்சின் நின்றது.

சத்தமே இல்லை.

அப்புறம் முதுகில் ஒரு இடி.

விழுந்தார். புரண்டார். இறக்கை ஒடிந்தது. பட்டு கிழிந்து முகத்திலும் கழுத்திலும் சுற்றியது...

இறுகியது.

மூச்சு வரவில்லை.

காதோரம்...

டொக்... டொக்... டொக்.

"வாரேன்!" என்று அலறினார் லூர்துநாதன். "வாரேன்டி... இந்தா வந்துட்டேன்!"

ஊரே கேட்டது.

பட்டு தளர்ந்தது.

நாலு பேர் பிடித்து அதைப் பிரித்து எடுத்தார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. ரிசீவர் பத்தடி தள்ளிக் கிடந்தது. பேட்டரி வயர் அறுந்திருந்தது.

மாதக்கணக்கில் லூர்துநாதன் டீக்கடையில் விளக்கம் சொன்னார். "ரெண்டு இழை ஜரிகை பட்டுல தங்கிருச்சுங்க. அதான் ஏரியல் மாதிரி இழுத்துருச்சு. சயின்ஸ்தான்." சிலர் நம்பவும் செய்தார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் சொன்னார்.

தை மாதம் தெருவில் பழைய ஜரிகை வாங்குகிற மலையாண்டி வந்தார். லூர்துநாதன் டப்பாவைத் திறந்து கொடுத்தார். வேளாங்கண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாண்டி ஒரு இழையை உருவித் தீக்குச்சி வைத்தார். அது சுருண்டது. கரியாகி உதிர்ந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டு உலோகம் இல்லை. இன்னொரு இழை. அதுவும் கரி.

"இது ஜரிகையே இல்லண்ணே. மஞ்சச் சாயம் போட்ட நூலு. யாரு எடுத்த சேலை?"

வேளாங்கண்ணி லூர்துநாதனைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு அசல் காஞ்சிபுரம் என்று சொல்லிச் சந்தையில் அதை எடுத்து வந்தவர் அவர்தான்.