கழுத்துவரை கூலன்ட்

எங்கள் ஷிப்ட் வேனின் முதலாளிக்கு எதுவும் வழிய வழிய இருக்க வேண்டும், டீசலைத் தவிர. காலையில் ஸ்ரீபெரும்புதூரில் எங்களை ஏற்றுவதற்கு முன் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைப் பார்ப்பார். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும். தன் கையாலேயே கழுத்துவரை ஊற்றி மூடுவார். மறுநாள் மறுபடியும் இறங்கியிருக்கும். அவருடைய பெரிய மூளை ஒரே முடிவுக்கு வந்தது: டிரைவர் திருடுகிறார்.

டிரைவர் வடக்குப்பட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேன்தான் அவர்களுக்குச் சோறு. "ரொப்பாதீங்க மொதலாளி, சூடு ஏறினா வெளிய தள்ளிடும்" என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். "வண்டி உன்னுதா, என்னுதா?" என்பதுதான் பதில்.

நான் ஒரகடத்தில் அதே மாதிரி டப்பாக்கள் செய்யும் கம்பெனியில் இருந்தேன். காற்றடைத்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. என்ஜின் சூடானால் கூலன்ட் பெருகும். மிஞ்சியது ரேடியேட்டர் மூடியிலுள்ள வால்வைத் தள்ளிக்கொண்டு குழாய் வழியாக டப்பாவுக்கு வரும். ஆறியதும் ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வந்து தங்க டப்பாவில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில்தான் கொட்டும். அதற்காகத்தான் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு அனுப்பினோம். எழுத்துத் தெரியாதவனுக்கும் கோடு தெரியும். இந்த மனிதருக்குத் தெரியவில்லை. காலி இடம் விடுவதே அவருக்குத் தரித்திரம்.

ஒரு காலை எங்கள் எல்லோர் முன்னாலும் டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கினார். "திருட்டு நாய்க்கு ஸ்டியரிங் இன்னாத்துக்கு? போய்க்கினே இரு."

"நான் எடுக்கல மொதலாளி" என்று டிரைவர் இரண்டு முறை சொன்னார். இருபது பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஒருவன் முனகினான். நானும் வாயைத் திறக்கவில்லை. முதலாளியே வண்டியை ஓட்டினார்.

சாயங்காலம் இறங்கும்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. டப்பாவின் மேல்கோட்டைக் காட்டினேன். "காலைல வண்டி ஆறியிருக்கும்போது இதுவரைக்கும் மட்டும் ஊத்துங்க சார். மூணு நாள் பாருங்க."

பார்த்தார். மூன்று காலையும் கூலன்ட் அந்தக் கோட்டிலிருந்து நகரவில்லை.

"கரெக்ட்டுதா தம்பி."

"அப்ப அவரைக் கூப்பிடுங்க சார்."

"போன்னு சொல்லிட்டேன். திருப்பிக் கூப்ட்டா எவன் என்னை மதிப்பான்?"

தெரியாமல் செய்திருந்தால் மடையர் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தெரிந்த பிறகும் இப்படிச் சொன்ன அந்த முகம் எனக்கு அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை புது டிரைவர் வந்தார். முதலாளி டப்பாவைத் தட்டித் தட்டி அவருக்குப் பாடம் நடத்தினார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. "சூடானா பெருகும்பா. எடம் உடணும். தெரிதா?" பிறகு என்னைக் கூப்பிட்டு, முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், தினமும் நாங்கள் அடித்துக்கொள்ளும் சீட்டைக் காட்டினார். "தம்பி, இனிமே நீ இங்க குந்து."

உட்கார்ந்தேன். அந்தக் கம்பெனியை விடும்வரை அங்கேதான் உட்கார்ந்து போனேன்.