ஆறாம் மாடியும் இரண்டு கை திராட்சையும்

ஸ்ஃபாக்ஸ் நகரத்து வஜ்தி விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தால் துறைமுகத்துக் கடற்காகங்கள் வெட்கப்பட்டுச் சிறகை மடக்கிக்கொள்ளும். உலகத்திலேயே அவனைவிட வேகமான விரல் கிடையாது. சரி, கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. கடற்காகங்களைக் கழித்துவிடலாம். உலகம் என்பதையும் சுருக்கிக்கொள்ளலாம். ‘கோபுரக் கரடி’ என்ற பழைய வீடியோ கேமை இன்னும் விடாமல் ஆடுகிறவர்கள் ஒரு சிற்றுந்தில் அடங்கிவிடுவார்கள். அந்தச் சிற்றுந்துதான் அந்த உலகம்.

வஜ்திக்கு வயது முப்பத்தாறு. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டிவிட்டு, வீடு திரும்பியதும் கரடியைக் கோபுரத்தில் ஏற்றுவான். சின்ன வயதில் சந்தையில் வாங்கிய மலிவுப் பெட்டியை டிவியோடு இணைத்து ஆடிப் பழகிய ஆட்டம் அது. அந்தப் பெட்டி எப்போதோ புகைந்து போயிற்று. அசல் பெட்டி இந்த ஊரில் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே எமுலேட்டர்தான் கதி. அதாவது, கணினியை அந்தப் பழைய பெட்டியாக நடிக்க வைக்கிற மென்பொருள். ஆட்டத்தை யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. ஸ்பீட்ரன் என்பார்கள். ஓடி முடித்த வீடியோவை நடுவருக்கு அனுப்ப வேண்டும்.

எமுலேட்டரில் ஓடுகிறவனுடைய வீடியோவை, புது மருமகள் வைத்த குழம்பை மாமியார் முகர்வதுபோல முகர்ந்துதான் பார்ப்பார்கள். காரணமில்லாமல் இல்லை. எமுலேட்டரில் ஆட்டத்தை நடுவில் சேமித்து வைக்கலாம். தப்பினால் பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாம். நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டி, ஒரே ஓட்டம் என்று அனுப்பிய புண்ணியவான்கள் உண்டு. அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள்: மைக் திறந்தே இருக்க வேண்டும், விசை தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும்.

ரமலானின் கடைசி வாரம், ஒரு பிற்பகல். காய்ந்த தொண்டையும் காலி வயிறுமாக வஜ்தி ஓடினான். ஆறாம் மாடியில் கரடியைச் சுவருக்குள் நுழைக்கிற தந்திரம் ஒன்று உண்டு. துளி முந்தினாலும் சாவு, பிந்தினாலும் சாவு. அன்றைக்குக் கரடி வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல இறங்கிற்று. உச்சி மணியை அடித்தபோது, இதுவரை முதலிடத்தில் இருந்தவரைவிட ஒரு கண்சிமிட்டல் முன்னால் இருந்தான். பல மாதங்களாக ஏங்கிய கண்சிமிட்டல்.

இரண்டு நாள் கழித்து நடுவர் கூப்பிட்டார். இத்ரீஸ் என்று பெயர். மொராக்கோவில் மெக்னாஸ் ஊர்க் கணக்கு வாத்தியார்.

“தம்பி, ஓட்டம் பிரமாதம். ஆனா ஆறாம் மாடியில ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கே? படம் நின்னு, பாட்டு அறுந்து, மறுபடி ஓடுது.”

“என் லாப்டாப் கிழடு அண்ணே, விக்கிடுச்சு. மைக்கைக் கேளுங்க.”

“கேட்டேன். அந்த இடத்துல நீ விசையை அமுக்கிப் பிடிச்சிருக்க, தட்டவே இல்ல. ஒரு பொம்பளக் குரல் மட்டும்தான் கேக்குது.”

“எங்க அம்மா.”

“அவங்கதான் சிக்கல். சத்தத்தை ஒட்டிடலாம் தம்பி, அர்த்தத்தை ஒட்ட முடியாது. நீயே கேளு.”

ஓட்டத்தின்போது வஜ்தியின் காதில் எதுவும் ஏறாது. அன்றைக்கு அம்மா சமையலறையிலிருந்து தன்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

‘உப்பு மீனுக்குத் தொட்டுக்க உங்க அத்தை வெச்சிட்டுப் போயிருக்கற வெங்காயம் இருக்கே’, இங்கே விக்கல், ‘ரெண்டு கை திராட்சை போடலைன்னா ஒருத்தரும் வாயில வைக்க முடியாது. வருஷா வருஷம் இதே கதை.’

“முதல் பாதி மீன். அடுத்த பாதி, யாரோ பலகாரம் பண்றாங்க” என்றார் இத்ரீஸ். “ரெண்டும் ஒரே நாளா?”

“ஒரே சட்டி அண்ணே! பெருநாளுக்கு இங்க உப்பு மீனும் சர்மூலாவும்தான். வெங்காயமும் திராட்சையும் எண்ணெயில சுண்டணும்.”

“மீனுக்குத் திராட்சையா? யா லத்தீஃப்! எங்க வீட்ல மல்லி, பூண்டு, எலுமிச்சை, அவ்வளவுதான். சரி, அம்மாவைக் கூப்பிடு. ‘ரெண்டு பாதியும் ஒரே மூச்சுல நான்தான் சொன்னேன்’னு அவங்க வாயால வரட்டும், ஏத்துக்கறேன். இல்லேன்னா உன் பேரை ஒட்டுக்காரங்க வரிசையில போட வேண்டியதுதான். எனக்கும் மனசில்ல.”

வஜ்தி தயங்கினான். அந்தக் குடும்பத்தில் சர்மூலா, மேல்மாடியில் குடியிருக்கும் அத்தை ஸல்ஹாவின் உரிமை. அப்பாவின் அக்கா. வருடத்துக்கு ஒருமுறை இறங்கி வந்து, கிளறி, இறக்கி, “யாரும் கை வைக்காதீங்க” என்று மூடிவிட்டு ஏறிப் போவாள். நோன்பு வாய் என்பதால் அவளும் ருசி பார்ப்பதில்லை, வேறு யாரும் பார்ப்பதில்லை. அந்த மூடிக்குள் அம்மா என்ன செய்கிறாள் என்று ஒலிப்பதிவைக் கேட்கும்வரை வஜ்திக்கும் தெரியாது.

தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனான். அம்மா மன்னூபியா மீனை ஊற வைத்துக்கொண்டிருந்தாள். இத்ரீஸ் சலாம் சொல்லி, விஷயத்தைச் சொல்லி, “ரெண்டு கை திராட்சைன்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க?” என்று கேட்ட அதே நேரம், சல்லடை கேட்டு வந்த ஸல்ஹா அத்தை வாசற்படியில் நின்றாள்.

மன்னூபியா வாசற்படியைப் பார்த்தாள். “நானா? அண்ணி வெச்ச சட்டியில நான் கை வெப்பேனா? அல்லா மேல...” என்றவள், நோன்பு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

“அப்ப இது ஒட்டுதான் தம்பி” என்றார் இத்ரீஸ், வருத்தத்தோடு.

அம்மா ஒரு வார்த்தை சொன்னால் வஜ்தியின் ஓட்டம் பிழைக்கும். ஆனால் அப்புறம் அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பாள்? கரடியை எத்தனையோ தடவை சாகக் கொடுத்தவன்தானே. “போகட்டும் அண்ணே, வரிசையில போட்டுக்கோங்க” என்றான்.

“என்னடா போகட்டும்?” அத்தை உள்ளே வந்தாள். “எம் பிள்ளை எதை ஒட்டினான்? யாருய்யா நீ? போடு, நானும் கேக்கறேன்.”

இத்ரீஸுக்கு வேறு வழியில்லை, போட்டார். மீன், வெங்காயம், விக்கல், திராட்சை. மன்னூபியா மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது அவ குரல்தான்” என்றாள் ஸல்ஹா. “ஒரே மூச்சுல சொன்ன பேச்சு. ஒட்டும் இல்ல, வெட்டும் இல்ல. நான் படியேறி முடிக்கறதுக்குள்ள அந்த மூடி தெறக்கற சத்தம் எனக்குக் கேக்கும் வாத்தியாரே. இவ கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து கேக்கறேன். எப்படியும் போடுவான்னு தெரிஞ்சுதானே நான் கொறச்சுப் போடறேன்?”

“அண்ணி! நீங்க கொறச்சுப் போடறதாலதானே நான் போடறேன்!”

“வாயத் தெறந்து சொல்லியிருந்தா நான் நிறையப் போட்டிருப்பேன்ல?”

“உங்ககிட்டயா? யாரு சொல்றது?”

மெக்னாஸ்காரர் சிரித்த சிரிப்பில் தொலைபேசி கரகரத்தது. “தம்பி, இந்தச் சண்டையை எந்த எமுலேட்டராலயும் தயாரிக்க முடியாது. ஓட்டம் செல்லும். முதலிடம் உனக்குத்தான்.”

பெருநாள் காலை. தட்டில் உப்பு மீன், பக்கத்தில் கருஞ்சிவப்பாய் சர்மூலா. வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் ஸல்ஹா அத்தை வஜ்தியைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “உலகத்துல முதலாளா வந்திருக்கான். எதால? என் சர்மூலாவால! ரெண்டு கை திராட்சை, அவ்வளவுதான், மொராக்கோக்காரன் வாயை அடைச்சிட்டேன்.”

சமையலறைக்குள்ளிருந்து மன்னூபியாவின் குரல் வந்தது. “திராட்சை நான் போட்டது, அண்ணி. அதுவும் ரெண்டு கை இல்ல, மூணு.”