எந்தக் கிச்சடி?

ஓணத்துக்கு முந்தைய வாரம், நகரமெங்கும் விளக்குச் சரங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் பிள்ளை தம்பானூர் பேருந்து நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து என்னை அழைத்தார். பின்னால் ஏதோ ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“சாரே, நம்ம பர்வதம் மேடம் போயிட்டாங்க. இன்னைக்கு விடியக்காலத்துலயாம். பொறவு, தீபாவளி மலருக்கு நினைவஞ்சலி நீங்கதான் எழுதணும். ஒரு பக்கம் போதும். ஓணம் கழிஞ்சா பிரஸ்ஸுக்குப் போகணும், கேட்டீரா.”

இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னதில் குற்றமில்லை. கையில் சில்லறை தீர்ந்திருக்கும். எனக்குத் துக்கம் வந்தது. அதன் பின்னாலேயே, வரிசையில் நிற்கவும் பொறுமையில்லாமல், ஒரு பயமும் வந்தது. பர்வதத்தைப் பற்றி எழுதப்போகும் கட்டுரையை அச்சுக்குப் போகும்முன் யார் படித்துப் பார்ப்பது? இத்தனை காலம் அந்த வேலையைச் செய்துவந்தவர் பர்வதம்தான்.

உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். வலியசாலை அக்ரகாரத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். நானும் அவரும் ஒரே தொலைபேசி அலுவலகத்தில், அடுத்தடுத்த பிரிவுகளில் வேலை பார்த்தோம். சம்பளத்துக்கு அவர் டிரங்க் கால் பிரிவை மேற்பார்வையிட்டார். சம்பளமில்லாமல் நம் மலரைத் தொகுத்தார். இரண்டு வேலைகளையும் ஒரே மாதிரி செய்தார் என்பது என் எண்ணம். பேச வேண்டியது முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றினால் இணைப்பு துண்டிக்கப்படும்.

ஒரு கட்டுரையை அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. காரணம் கேட்டவர்களுக்கு, “நன்னாருக்குன்னு சொன்னா எழுதினவர் சந்தோஷமா ஆத்துக்குப் போயிடறார். அப்பறம் திருத்தறது யாரு?” என்பார். அதற்குப் பதிலாக அவர் ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு பண்டிகைப் பலகாரத்தின் பெயரைச் சொல்வார். அதோடு தீர்ப்பு முடிந்தது, மேல்முறையீடு கிடையாது. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுரையைப் படித்துவிட்டு, “ஆடிப்பெருக்குச் சித்ரான்னம். நாலு நிறமிருக்கு. அடியிலே எல்லாம் ஒரே சாதமாக்கும்” என்றார். புதுக்கவிதைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் நண்பருக்கு, “கார்த்திகைப் பொரி. மூட்டை பெரிசு, தூக்கினா கனமில்லை.” செயலாளர் பிள்ளையின் ஆண்டறிக்கை பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை. “மேல்மாவு கனமாக்கும், பிள்ளைவாள். பூரணம் வரதுக்குள்ளே பசி போயிடறது.” பிள்ளை அன்று மனம் நொந்துபோனார். ஆனால் மறுவருடம் அவருடைய அறிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. அவரும் கொஞ்சம் இளைத்திருந்தார்.

கும்பகோணத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு மாற்றலாகி வந்த சில மாதங்களில் நானும் ஒரு கட்டுரை எழுதினேன். அரசு ஊழியர்களின் இடமாற்றத்தைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரை. அதாவது, நகைச்சுவை என்று நான் தலைப்பிலேயே தெரிவித்திருந்தேன். அலுவலக கேண்டீனில் பர்வதம் அதைப் படித்து முடிக்கும்வரை, ஆறிப்போன காப்பியோடு எதிரே நின்றேன். ஒரு இடத்திலும் அவர் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கடைசி வாக்கியத்தை மட்டும் பென்சிலால் அடித்தார்.

“சாப்பிட்டு எழுந்தவாளை மறுபடி ஒக்கார வெக்கப்படாது,” என்றார்.

“மத்தபடி எப்படி மேடம்?”

“உங்க எழுத்து கிச்சடியாக்கும்.”

அதற்குள் யாரோ வந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு லைன் அறுந்துவிட்டதாம். எழுந்து போய்விட்டார்.

கும்பகோணத்துக்காரனுக்குக் கிச்சடி என்றால் ரவைக் கிச்சடி. மஞ்சளாக இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் காய்கறி எதுவானாலும் அதில் அடைக்கலம் கிடைக்கும். உப்புமா சற்று வசதியாக வாழ்ந்தால் கிச்சடி. அதற்கென்று பண்டிகை கிடையாது, திங்கட்கிழமைதான் உண்டு. பொரிக்காரருக்கும் கொழுக்கட்டைக்காரருக்கும் திட்டு கிடைத்தாலும் ஆளுக்கொரு பண்டிகையாவது கிடைத்தது. எனக்கு மட்டும் வார நாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த கட்டுரையிலிருந்து கேரட்டையும் பட்டாணியையும் பொறுக்கி எடுத்தேன். அதாவது உவமைகளையும் மேற்கோள்களையும். பர்வதம் அதை ஒன்றும் சொல்லாமல் அச்சுக்கு அனுப்பினார். கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்தார்.

பிறகு அலுவலகத்தில் ஓணச் சத்யை, அதாவது இலைபோட்ட ஓண விருந்து, வந்தது. தரையில் பாய் விரித்து, வாழையிலை போட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தோம். விளம்பிக்கொண்டு வந்தவர் என் இலைக்கு முன் குனிந்து, “கிச்சடி, சாரே” என்றார். இலையின் மேல்பாதியில் வெள்ளையாக ஒன்று விழுந்தது. தயிரில் வெள்ளரிக்காய், அரைத்த கடுகு, கொஞ்சம் பச்சைமிளகாய். குளிர்ச்சியாக நாக்கில் இறங்கி, சற்று நேரம் கழித்து மூக்கில் ஏறியது. நான் சாதத்தைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தேன். இதுவும் கிச்சடி. இது பண்டிகைச் சாப்பாடு. கேலி எழுதுகிறவன் ஒருவனுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

பக்கத்து இலையில் பிள்ளை இருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ரெண்டும் கிச்சடிதான சாரே,” என்றார். “எதுவானா என்ன, உள்ள போனா ஒண்ணுதான்.”

உள்ளே போன பிறகு ஒன்றுதான். போகும்முன் வேறு வேறு என்பதுதான் என் கவலை.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் பதில் வரும். கேட்காதவரை எனக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. அந்தப் பாதியை இழக்க எனக்குத் துணிவில்லை. எனவே அரசு ஊழியனுக்குத் தெரிந்த வழியில் மறைமுக விசாரணை நடத்தினேன். ஒரு போகியன்று வலியசாலையில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அந்த வீட்டில் எதைக் கிச்சடி என்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும் என்பது திட்டம். இலையில் போளி வந்தது. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

“நெய்யைத் தேடறேளா?” என்றார் பர்வதம். கேட்டுக்கொண்டே போளியின் தலைமேல் ஒரு கரண்டி பால் பாயசத்தை ஊற்றினார். “கும்மோணத்துலே நெய். இங்கே இப்படியாக்கும். பயப்படாம சாப்பிடுங்கோ. நன்னா இல்லைன்னா ஊருக்குப் போயி எழுதிக்கோங்கோ.”

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு இறங்கவில்லை. கும்பகோணத்துப் போளி வேறு என்று அவருக்குத் தெரியும் என்றால், கும்பகோணத்துக் கிச்சடி வேறு என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தச் சொல்லைச் சொன்னாரா? இந்த ஊருக்காகச் சொன்னாரா, என் ஊருக்காகச் சொன்னாரா? போனபோது ஒரு கவலை இருந்தது. திரும்பும்போது இரண்டாகியிருந்தது.

இப்படியே வருடங்கள் போயின. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் எழுதினேன், அவர் கடைசி வாக்கியத்தை அடித்தார். ஒரு வருடம், எப்படியும் அடிக்கத்தானே போகிறார் என்று, ஒப்புக்கு ஒரு வாக்கியத்தைக் கடைசியில் வைத்தேன். அவர் அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வாக்கியத்தை அடித்தார். அதைத்தான் நான் கடைசி வாக்கியமாக எழுதியிருந்தேன் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த வருடத்து மலரைப் பார்த்தவர்களுக்கு என் கட்டுரை ஏன் அவ்வளவு அசட்டுத்தனமாக முடிகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

இந்த ஆடியில் அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். பார்வையாளர் நேரத்தில் போனேன். பாதியாகியிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கஞ்சி, தொடாமல். “இந்த வருஷத்துக்கு எழுதியாச்சா?” என்று கேட்டார். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. நோயாளியிடம் கேட்கக்கூடிய கேள்வியா என்று நினைக்கும்முன் வாய் கேட்டுவிட்டது.

“மேடம், நான் வந்த புதுசுல என் எழுத்தைக் கிச்சடின்னு சொன்னீங்க. எந்தக் கிச்சடி?”

அவர் என்னைப் பார்த்தார். “அப்படிச் சொன்னேனா?”

அவருக்கு நினைவில்லை. இத்தனை வருடம் நான் குடியிருந்த வீட்டைக் கட்டியவருக்கு, கட்டியதே நினைவில்லை.

“நீங்க எதுன்னு நெனச்சுண்டேள்?” என்றார்.

“ரவை.”

கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறக்காமலே, “ரவைக் கிச்சடி எந்தப் பண்டிகைக்கு?” என்றார்.

“எந்தப் பண்டிகைக்கும் இல்லை மேடம்.”

“பின்னே?” என்றார். உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் நர்ஸ் வந்து, “மதி, போதும் சாரே, அவர் ரெஸ்ட் எடுக்கட்டே” என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

இந்த ஊரில் ‘பின்னே’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘பிறகெப்படி அப்படி நினைத்தாய், அசடே’ என்று பொருள். ‘சந்தேகமென்ன, அதேதான்’ என்றும் பொருள். படிக்கட்டில் இறங்கும்போது முதல் பொருள் சரியாகப் பட்டது. பேருந்தில் உட்கார்ந்தபோது இரண்டாவது. ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்கப் போனவன் இரண்டு சொற்களோடு வீடு திரும்பினேன். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நேற்று இந்தக் கட்டுரையைப் பிள்ளையிடம் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லாருக்கு சாரே,” என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. பர்வதம் இருந்தவரை என்னிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து முதல் வரியிலிருந்து திருத்தத் தொடங்கினேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பயம்தான். எதிரே அவர் உட்கார்ந்து, சிரிக்காமல், பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறார் என்ற பயம். அது போய்விடக் கூடாதே என்று இப்போது இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இதற்குப் பிறகு ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.