திரையில் வந்த அரக்குச் சேலை

ஆரணியில் எங்கள் எதிர்வீட்டுத் தனகோடியின் மனைவி கிருஷ்ணம்மாள் எழுபத்தாறாம் வருஷம் பங்குனி உத்திரத்துக்குத் தேவிகாபுரம் போனாள். திரும்பி வரவில்லை. தெருப் பெண்களோடுதான் போயிருந்தாள். தேர்க் கூட்டத்தில் கை விட்டுப் போயிற்று என்றார்கள். போலீஸுக்குச் சொன்னார்கள், கிணறுகளில் ஆள் இறக்கினார்கள். வந்தவாசி, பெரணமல்லூர் எல்லாம் தேடியாயிற்று. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. பிள்ளை இல்லாத குறை இருந்தது. ஆனால் அதற்காகப் போகிறவள் இல்லை அவள்.

தனகோடி நல்ல நெசவாளர். முன்பெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவர்களைக் கேலி செய்வார். அதற்கப்புறம் பேச்சு குறைந்தது. யார் வெளியூர் போனாலும், "கிருஷ்ணா மாதிரி யார்னா கண்ல பட்டா சொல்லுங்க" என்பது மட்டும்தான் அவர் தானாகப் பேசுகிற பேச்சு.

அந்த வீட்டில் இன்னொருவர் அபிதகுசாம்பாள். கிருஷ்ணம்மாளின் தாய், தனகோடிக்கு அப்பாவின் கூடப்பிறந்த அத்தை. நெசவுக்கான நீள இழைகளை எண்ணிச் சேர்த்துப் பாவு ஓடுவது அந்த வீட்டில் அவர் வேலை. மகள் செத்துவிட்டாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"தர்ப்பையில பொம்ம செஞ்சி காரியத்த முடிச்சிடுடா. எம்பொண்ணு சோறுதண்ணி இல்லாம அலஞ்சிகினு இருப்பா."

"கண்ணால பாக்காம நான் எள்ளு இறைக்க மாட்டேன் அத்த."

மூன்று வருஷமாக அந்த வீட்டில் இதுதான் வழக்கு. ஒவ்வொரு அமாவாசைக்கும் அத்தை கேட்பார். தனகோடி தறியை இன்னும் வேகமாக ஓட்டுவார்.

எழுபத்தொன்பதில் அந்தப் படம் வந்தது. ராஜா காலத்துக் கதை. ஒரு கோட்டையில் தளபதிகள் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். சாவதற்கு முன்னால் மதில்மேல் ஒரு பெண் நடந்துபோவதை எல்லாரும் பார்க்கிறார்கள். அது பேயா, ஆள் செய்கிற வேலையா என்று கண்டுபிடிக்க ராஜாவின் ஒற்றன் வருகிறான். படம் முழுக்க நீல இருட்டு. அந்த இருட்டில் அவள் சேலை மட்டும் அரக்குச் சிவப்பாக எரியும். காற்றில் அது பறந்து திரை முழுவதையும் மூடும்போது கொட்டகையில் பிள்ளைகள் வீறிட்டு அழுதன.

பக்கத்துத் தறிக்காரர் மாணிக்கவேல் மேட்னிக்குத் தனகோடியைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார். சேலை திரையை மூடிய அந்த இடத்தில் தனகோடி எழுந்து நின்றுவிட்டார்.

"கிருஷ்ணா சேலடா! அதோ, கரையாண்ட பச்சக் கோடு!"

"உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இன்னொருவன், "உடுங்கடா, பேய்க்குப் புருசன் வந்துகிறாரு" என்றான். கொட்டகையே சிரித்தது. தனகோடி உட்காரவில்லை.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. தேருக்குப் போன அன்று கிருஷ்ணம்மாள் கட்டியிருந்தது அவர் கையால் நெய்த அரக்குச் சேலை. அந்தப் பாவு ஓடும்போது அரக்கு இழை போதவில்லை. கரையோரம் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை இழையைச் சேர்த்து ஒப்பேற்றியிருந்தார்கள். வேறு எந்த ஊரிலும் எவனும் அப்படி ஒரு பச்சைக் கோடு வேண்டுமென்று போட மாட்டான்.

அன்று சாயங்காலம் தெருவே அவர் வாசலில் நின்றது.

"அவ உயிரோட கீறா அத்த. சினிமாக்காரங்க கூடதான் எங்கியோ கீறா. இல்லன்னா அவங்களுக்கு அந்தச் சேல எப்டிக் கெடைக்கும்?"

அபிதகுசாம்பாள் கையிலிருந்த இழையைக் கீழே வைத்தார். பிறகு, "போய்ப் பாத்துட்டு வா" என்றார். காரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் தனகோடியும் மாணிக்கவேலும் மெட்ராஸ் பஸ் ஏறினார்கள். அங்கே நடந்ததை மாணிக்கவேல்தான் பிற்பாடு சொன்னார். ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்து, கடைசியில் சினிமாவுக்குத் துணி வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். துணிகளைப் பார்த்துக்கொள்கிறவர் பேர் அய்யாக்கண்ணு. நல்ல மனுஷன். கேட்டதும், "அந்தப் பேய் சேலயா? இருங்க" என்று உள்ளே போனார்.

வரும்போது அவர் கையில் இரண்டு சேலைகள் இருந்தன.

"ரெண்டு பொம்பளைங்களுக்குக் கட்டினோம்ங்க. கதையில அதானே சூட்சுமம்? ஒருத்தி மதில்ல, ஒருத்தி குளத்தாண்ட. ஒரே பேய் ரெண்டு எடத்துல நிக்குதுன்னு ஊரு பயப்படுது. ஒரே மாதிரி ஜோடி எங்க தேடியும் கெடைக்கல. கடைசியில உங்க ஆரணி மால்தான், ஒரு கடைக்காரர் கிட்ட இருந்துச்சி. கோடு உளுந்த சரக்கு, வருசக்கணக்கா விக்காம மடிச்சே கெடந்துச்சின்னு தள்ளிவிட்டாரு."

இரண்டிலும் பச்சைக் கோடு, ஒரே இடத்தில், ஒரே அகலத்தில்.

ஒரு பாவில் மூன்று சேலை விழும். பாவில் ஒரு தப்பு நடந்தால் அது மூன்றிலும் நீளத்துக்கு ஓடும். தறியில் உட்காருகிற சின்னப் பையனுக்கும் இது தெரியும். இரண்டைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதை மனைவிக்கு எடுத்துக்கொண்டவரே தனகோடிதான். அவள் உடம்பில் வருஷக்கணக்காக அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மற்ற இரண்டும் நினைவிலிருந்தே போய்விட்டன.

அய்யாக்கண்ணு மோர் கொடுத்தார். தனகோடி குடிக்கவில்லை. இரண்டு சேலைகளையும் தானே மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாராம். "ஒரு பாவுல மூணு விழும்னு நம்ம ஆளுங்க யாரும் சொல்லலியே" என்றாராம்.

வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தார்.

"ரெண்டு வெச்சிருந்தாங்களா?"

தனகோடி அப்படியே நின்றார். "உனக்குத் தெரியுமா?"

"பாவு ஓடினது யாருடா? எழ பத்தாம பச்சய நான்தானே சேத்தேன்."

"அப்புறம் எதுக்கு என்ன அனுப்பின?"

"மூணுல ஒண்ணு, நம்முதா இருக்கக் கூடாதான்னு பாத்தேன்."

தனகோடி கைகால் கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"ஐயரக் கூப்டு அத்த. வர அமாவாசைக்குச் செஞ்சிடலாம்."

அபிதகுசாம்பாள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அமாவாசைக்கு வேணாம். ஆடி போவட்டும்."

ஆடி போயிற்று. ஆவணியில் கேட்டபோது புரட்டாசி என்றார். அப்புறம் கேட்கிறவர் தனகோடியாகவும், தள்ளிப்போடுகிறவர் அத்தையாகவும் மாறிப்போனார்கள். எண்பத்துநாலில் அபிதகுசாம்பாள் இறந்தார். அவர் காரியத்துக்கு வந்த ஐயரே, மகளுக்கும் சேர்த்துச் செய்துவிடலாமா என்று கேட்டார். தனகோடி கொஞ்சம் யோசித்தார்.

"அத்த வேணாம்னுதான் சொல்லிகினு இருந்தாங்க" என்றார். ஐயர் அதற்கு மேல் கேட்கவில்லை.